வீட்டில் கார் கட்டுவோரின் உண்மையான சோதனை: அலுமினியத் தகடு பொருத்தும் வேலை

கேட்டர்ஹம் என்னும் பெயர் மலேசியர்களுக்குப் புதிதன்று. டோனி பெர்னாண்டஸ் 2011ஆம் ஆண்டில் அந்தப் பிரிட்டிஷ் கார் நிறுவனத்தை வாங்கினார். 2012 முதல் 2014 வரை அதே பெயரில் பச்சை நிறக் கார்கள் பார்முலா 1 பந்தயத்தில் ஓடின. 2021இல் நிறுவனம் ஜப்பானின் விடி ஹோல்டிங்ஸ் வசம் சென்றது. ஆனால் பிரிட்டனில் கேட்டர்ஹம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பார்முலா 1 அன்று. பெட்டி பெட்டியாக வீட்டு வாசலில் வந்து இறங்கும் கார்தான்.

பாகங்களாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாமே பூட்டிக்கொள்ளும் இவ்வகைக் காரைக் ‘கிட் கார்’ என்கிறார்கள். இவற்றுள் மிகவும் புகழ்பெற்றதன் மூலம் லோட்டஸ் செவன். பொறியாளர் காலின் சாப்மன் 1957ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய, கதவுகூடச் சரியாக இல்லாத சிறிய திறந்த கார் அது. லோட்டஸ் நிறுவனமும் நமக்கு அந்நியமில்லை. 1996 முதல் 2017 வரை அது புரோட்டோன் வசம் இருந்தது.

அந்நாளில் பிரிட்டனில் முழுக் காரை வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு உடன் வரக்கூடாது என்று விதி இருந்ததாகவும், அதனால் ‘கழற்றும் முறை’ என்றொரு கையேட்டைத் தந்து, அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ளும்படி லோட்டஸ் விட்டுவிட்டதாகவும் ஒரு கதை இன்றும் கார் பிரியர்களிடையே உலவுகிறது. 1973இல் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹம் நிறுவனத்துக்கு மாறியது. சலுகை போனாலும் வீட்டில் கார் கட்டும் பழக்கம் போகவில்லை.

இன்று கேட்டர்ஹம் பெட்டியை வாங்குபவருக்கு உடல் தகடுகள் சட்டகத்தில் பொருத்தப்பட்டே வருகின்றன. முழு வேலையும் செய்ய விரும்புவோர் வேறு வழியில் போகிறார்கள். இங்கிலாந்தின் அவுண்டில் பள்ளியில் ஆசிரியராக இருந்த ரான் சாம்பியன், 250 பவுண்டிலேயே சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று 1996இல் ஒரு நூல் எழுதினார். பழைய போர்ட் எஸ்கார்ட் காரின் என்ஜினையும் அச்சையும் எடுத்துக்கொண்டு, 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய்களைத் தாமே வெல்டிங் செய்து, செவன் போன்ற காரை உருவாக்கும் முறையை அது விளக்கியது. செலவு குறைவு என்பதால் இவ்வகைக் கார்களுக்கு ‘லோகாஸ்ட்’ என்றே பெயர் விழுந்தது. அந்தத் தொகைக்குள் முடித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்!

சட்டகம் நின்று, என்ஜின் ஏறி, சக்கரமும் மாட்டிவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது போலத் தோன்றும். இனி நான்கு தகடுகளை வெட்டி அடித்தால் போதும் என்ற நினைப்பு வரும். காரைப் பார்க்க வருகிறவர்கள் என்ஜினைவிட முதலில் பார்க்கப்போவது அந்த நான்கு தகடுகளைத்தான். அதைவிட முக்கியம், அவற்றுக்குப் பின்னால் நடக்கும் எதையும் பிறகு யாரும் பார்க்க முடியாது என்பது.

தகடு சட்டையா, எலும்பா?

இவ்வகைக் கார்களில் பயன்படுவது பெரும்பாலும் 1.2 அல்லது 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு. காரணம் எடை. 1.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 9 கிலோவுக்கு மேல் வரும். அதே அளவு அலுமினியம் மூன்றேகால் கிலோதான்.

வெளிப் பக்கத்தில் தெரியும் தகடுகளைக் காரின் சட்டை எனலாம். தரை, என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள தடுப்பு, இரண்டு இருக்கைகளுக்கு இடையே ஓடும் சுரங்கம் போன்ற பகுதி ஆகியவற்றின் தகடுகள் அப்படியல்ல. நான்கு மரச் சட்டங்களை ஆணியடித்துச் சதுரமாக்கி ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்ந்து போகும். அதன்மேல் ஒரு பலகையை அடித்துவிட்டால் அசையாது. அலமாரிக்குப் பின்பலகை இல்லாவிட்டால் அது ஆடுவதும் இதனால்தான். குழாய்ச் சட்டகத்தில் இறுக்கமாக ரிவெட் அடிக்கப்பட்ட தரைத் தகடு, வளைவில் திரும்பும்போது சட்டகம் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அந்த இடத்தில் ரிவெட்டைக் கஞ்சத்தனமாக அடித்தால் குறைவது அழகு மட்டுமல்ல.

கச்சாங் பூத்தே பொட்டலமும் காரின் மூக்கும்

செவன் வகைக் காரை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். பக்கங்களும் போனட்டும் உலோகம். மூக்குப் பகுதியும் சக்கரத்தின்மேல் உள்ள மட்கார்டுகளும் பெரும்பாலும் பைபர். செலவு மட்டுமே இதற்குக் காரணம் அல்ல.

கச்சாங் பூத்தே விற்பவர் காகிதத்தைச் சுற்றிக் கூம்புப் பொட்டலம் செய்வதைப் பார்த்திருப்போம். காகிதத்தில் ஒரு சுருக்கமும் விழாது. அதே காகிதத்தை ஒரு தேங்காயின் மேல் சுற்றினால் எத்தனை முயன்றாலும் மடிப்பும் சுருக்கமும் விழும். தகடும் இப்படித்தான். ஒரே திசையில் வளையும் உருளை, கூம்பு போன்ற வடிவங்களை வீட்டில் கையாலேயே செய்துவிடலாம். போனட் என்பது முன்பக்கம் குறுகும் கூம்பின் ஒரு துண்டுதான். இரண்டு திசையிலும் வளையும் மூக்கு வேண்டுமானால் தகட்டைத் தட்டியும் உருளை இயந்திரத்தில் இழுத்தும் நீட்ட வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் கைப்பழக்கம் வேண்டும் தொழில். நம் ஊர்ப் பட்டறைகளில் அடிபட்ட காரின் நெளிவை எடுக்கும் மூத்த தொழிலாளர்களின் கைக்கு அந்தப் பழக்கம் உண்டு. புதிதாகக் கார் கட்டுபவருக்கு இராது. எனவே எதைத் தாமே செய்யலாம், எதை வாங்க வேண்டும் என்பதைத் தேங்காயும் பொட்டலமுமே தீர்த்துவிடுகின்றன.

முதலில் அட்டை, பிறகுதான் அலுமினியம்

அலுமினியத்தில் முதல் வெட்டு விழுமுன் அட்டையில் முழுக் காரும் ஒருமுறை உருவாக வேண்டும். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையோ சிறு மூலைகளுக்குத் தானியப் பொட்டல அட்டையோ போதும். சட்டகத்தின்மேல் வைத்து, கோடு போட்டு, வெட்டி, மீண்டும் வைத்துப் பார்த்து, குறைந்த இடத்தில் டேப் ஒட்டிச் சரிசெய்யலாம். வெல்டிங்கில் ஒவ்வொரு குழாயும் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும் என்பதால், வரைபடத்திலுள்ள அளவை நம்பி வெட்டுபவர் ஏமாறுவார். இடப்பக்க அட்டையைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்துக்குப் பயன்படுத்துவதும் அதே ஏமாற்றம்தான். இரண்டு பக்கமும் ஒன்று போல இருப்பதே இல்லை.

தகட்டில் கோடு போடக் கூரிய கம்பியைப் பயன்படுத்தக்கூடாது. அந்தக் கீறலிலேயே பின்னர் மடிப்பு விரியும். மார்க்கர் பேனா போதும். வெட்டுவதற்குத் தகரக் கத்தரியோ மின்வாளோ பயன்படுகிறது. மின்வாளின் பற்களில் அலுமினியம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சிறிது மண்ணெண்ணெய் தடவிக்கொள்வார்கள். இரும்பைத் தேய்த்த சாணைத் தட்டால் அலுமினியத்தைத் தொடக்கூடாது என்பது இன்னொரு விதி. இரும்புத் துகள்கள் மெல்லிய தகட்டில் புதைந்து, பெயிண்ட் அடித்த பிறகு துருப் புள்ளிகளாக வெளியே வரும்.

நேரான மடிப்புக்கு மடிப்பு இயந்திரம் தேவையில்லை. இரண்டு இரும்புக் கோணச் சட்டங்களுக்கு நடுவே தகட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, விளிம்பின்மேல் ஒரு மரத்துண்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே போகலாம். இரும்புச் சுத்தியல் நேராகப் பட்டால் அந்த இடம் நசுங்கி நீளும். நீண்டதைத் திரும்பச் சுருக்குவது கடினம். மடிப்பின் விளிம்பு கத்தி போல் கூர்மையாக இருக்கவும் கூடாது. சிறிது உருண்டிருந்தால்தான் விரிசல் விடாது.

பின்பக்கத்தில் தகட்டின் விளிம்பைக் குழாயின்மேல் சுற்றி மடிக்கும் இடம்தான் மிகச் சிரமமானது. அலுமினியம் தட்டத் தட்ட இறுகும், மேலும் தட்டினால் கிழியும். அங்கே ஒரு பழைய உத்தி உதவுகிறது. சாதாரணச் சவர்க்காரக் கட்டியைத் தகட்டின்மேல் தேய்த்துவிட்டு, கேஸ் விளக்கால் மெதுவாகச் சூடாக்க வேண்டும். சவர்க்காரக் கோடு கரும்பழுப்பாக மாறியதும் தீயை விலக்கி ஆறவிட்டால் தகடு மீண்டும் மென்மையாகிவிடும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து காட்டாது. எச்சரிக்கை எதுவும் தராமல் உருகிவிடும். அதனால்தான் சவர்க்காரத்தை வெப்பமானியாக்கிக்கொண்டார்கள்.

மூடுமுன் முடிக்க வேண்டியவை

தகடு பொருத்தும் வேலையில் பாதி, தகட்டோடு தொடர்பில்லாதது. பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், பின்விளக்குக்குச் செல்லும் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள் ஆகியவை எல்லாம் நடுச் சுரங்கத்தின் வழியாகவோ பக்கத் தகட்டின் பின்னாலோ போகின்றன. இருக்கை பெல்ட்டின் பிடிப்பிடங்களும் தகட்டுக்குள்தான் மறைகின்றன. இவை ஒவ்வொன்றும் கிளிப் போட்டு நிறுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, படமெடுக்கப்பட்ட பிறகே தகடு மேலே ஏற வேண்டும். படம் ஏன் என்றால், ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியைப் பொருத்த ஒரு துளை போடும்போது, பின்னால் பிரேக் குழாய் எங்கே ஓடுகிறது என்று நினைவிருக்காது. டிரில் நுனி பிரேக் குழாயைத் தொட்டுவிட்டால் அது அன்றைக்குத் தெரியாமலும் போகலாம்.

குழாயின் நடுக்கோடும் இப்படியே. தகடு மூடிவிட்டால் 25 மில்லிமீட்டர் குழாய் அதன் பின்னால் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எனவே தகட்டைக் கிளாம்பில் பிடித்துக்கொண்டு, உள்பக்கமிருந்து குழாயின் இரு ஓரங்களையும் பேனாவால் தகட்டில் வரைந்து, கழற்றி, நடுக்கோட்டை வெளிப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். வெளிப்பக்கத்தில் மறைப்பு டேப் ஒட்டி அதன்மேல் குறித்தால் தகட்டில் கறையும் இல்லை, கீறலும் இல்லை.

விமானத் தொழிலிலிருந்து வந்த ஊசி

ரிவெட்டுக்குத் தமிழில் ‘தறையாணி’ என்று ஒரு சொல் உண்டு. பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்றாலும் பொருத்தமான சொல். ஆணியின் நுனியைத் தட்டி அகலமாக்கி, திரும்ப வராதபடி செய்வதே தறைதல். கப்பல்களிலும் பழைய பாலங்களிலும் இருக்கும் ரிவெட்டை அடிக்க, பின்னால் ஒருவர் கனமான இரும்பை அணைகொடுத்து நிற்க வேண்டும். சதுரக் குழாய்க்கு உள்ளே யார் போய் நிற்பது? அதற்காகத்தான் ஒரே பக்கத்திலிருந்து அடிக்கும் பாப் ரிவெட். துளைக்குள் அதை விட்டு, ரிவெட் கன் பிடியை அழுத்தினால் நடுவிலுள்ள கம்பி பின்னோக்கி இழுபடும். கம்பியின் தலை ரிவெட்டின் வாலைப் பிதுக்கி அகலமாக்கும். போதிய இறுக்கம் வந்ததும் கம்பி ‘டக்’ என்று முறிந்துவிடும்.

பெட்டி லோரிகளின் அலுமினியப் பக்கங்களில் வரிசையாகத் தெரியும் சிறு தலைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். கிட் காரில் 3.2 அல்லது 4 மில்லிமீட்டர் ரிவெட்டுகள் பயன்படுகின்றன. 3.2 ரிவெட்டுக்குத் துளை 3.3 மில்லிமீட்டர். சற்றுப் பெரிதாகிவிட்டால் பிடிப்புப் போய்விடும். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தின் இரு மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் கிழியும். பக்கத் தகடுகளில் 50 முதல் 75 மில்லிமீட்டருக்கு ஒன்று என்பது பொதுவான இடைவெளி. சுமை தாங்கும் தரைத் தகட்டில் இன்னும் நெருக்கமாக அடிப்பவர்கள் உண்டு.

ஒரு துளை போட்டு ஒரு ரிவெட் அடித்து, அடுத்த துளைக்குப் போவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. நான்காவது ரிவெட்டில் தகடு சற்று நகர்ந்திருக்கும். இருபதாவது ரிவெட்டில் நடுவே ஒரு மேடு எழும்பும். இதற்கு மருந்து விமானத் தொழிற்சாலைகளில் பிறந்தது. ‘கிளிக்கோ’ எனப்படும் சுருள்வில் ஊசியைத் துளைக்குள் விட்டால், அது இரண்டு உலோகங்களையும் ரிவெட் போலவே கவ்விப் பிடிக்கும், வேண்டும்போது கழற்றிவிடலாம். 3.2 மில்லிமீட்டர் ஊசி செம்பு நிறத்திலும் 4 மில்லிமீட்டர் ஊசி கறுப்பிலும் வருவது வழக்கம் என்பதால் கலந்து கிடந்தாலும் குழப்பமில்லை. தகட்டின் நடுவில் தொடங்கி இரு ஓரங்களையும் நோக்கித் துளையும் ஊசியுமாகப் போனால், தளர்வெல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்படும்.

எல்லாத் துளையும் போட்ட பிறகு, மனம் ஒப்பாத ஒரு வேலை இருக்கிறது. பொருத்திய தகட்டை முழுவதும் திரும்பக் கழற்ற வேண்டும். துளைபோட்ட சுருள் துகள்கள் தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே சிக்கியிருக்கும். ஒவ்வொரு துளையின் வாயிலும் பிசிறு நிற்கும். பெரிய டிரில் நுனி ஒன்றைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் பிசிறு போய்விடும். பிசிறோடு ரிவெட் அடித்தால் தகடு குழாயில் படியாமல் மயிரிழை தூக்கி நிற்கும். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் குடியேறுகிறது.

இரண்டு உலோகங்களின் பகை

தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். துத்தநாகம் பூசிய கூரைத் தகரம் பல ஆண்டுகள் பளபளப்பாகவே இருக்கும். துரு முதலில் கிளம்புவது ஆணித் துளையைச் சுற்றித்தான். பூச்சு உடைந்த இடத்தில் நீர் புகுகிறது. கிட் காரிலும் ஆபத்து தொடங்குவது துளையில்தான். ஆனால் இங்கே முதலில் அரிபடுவது இரும்பு அன்று, அலுமினியம்.

இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு கலந்த ஈரம் இருந்தால் அது ஒரு சிறு பேட்டரி ஆகிவிடும். அந்தப் பேட்டரியில் தன்னைக் கரைத்துக்கொள்ளும் பக்கம் அலுமினியம். பெயிண்ட் கொப்புளம் போல எழும்பும். கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கப் பிரிட்டனில் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள். சக்கரம் வாரியிறைக்கும் அந்த உப்புத் தண்ணீர் தகட்டின் பின்னால் போய்த் தங்கும். இதனால் இது அங்கே வீட்டில் கார் கட்டும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. நமக்குச் சாலையில் உப்பு இல்லை. கடற்கரை ஊர்களில் காற்றே உப்பு.

தடுப்பது எப்படி? இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடவே கூடாது. முதலில் இரும்புச் சட்டகத்துக்குப் பெயிண்டோ பவுடர் கோட்டிங்கோ வேண்டும். ஆனால் ரிவெட் துளை அந்தப் பூச்சை உடைத்துக்கொண்டுதான் போகிறது. இந்த முரண்பாட்டுக்குத் தீர்வு பசை. குழாய் முழுவதும் ஒரு கோடாகப் பாலியுரித்தேன் பசையை இட்டு அதன்மேல் தகட்டை வைக்கிறார்கள். ஒவ்வொரு ரிவெட்டையும் அதே பசையில் ஒரு முறை தொட்டுத் துளைக்குள் விடுகிறார்கள். அழுத்தும்போது பிதுங்கும் பசை துளையின் வெட்டுவாயை மூடிக்கொள்ளும். பார்ப்பதற்கு அழுக்கு வேலைதான். கையுறை, துணி, கரைப்பான் எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ரிவெட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. மலிவான பாப் ரிவெட்டின் உடல் அலுமினியமாக இருந்தாலும் நடுக்கம்பி இரும்பு. முறிந்த துண்டு உள்ளேயே தங்கித் துருப்பிடித்து, வெள்ளைத் தகட்டில் பழுப்புக் கண்ணீர் வடிக்கும். மழைநீர் படும் இடங்களுக்கு வால் மூடிய ரிவெட்டே நல்லது. அதில் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. விலை சற்றுக் கூடுதல். நூற்றுக்கணக்கான ரிவெட்டுகள் வேண்டும் என்பதால் அந்த வேறுபாடு கையைக் கடிக்கத்தான் செய்யும். ஆனால் சேமிக்க வேண்டிய இடம் இதுவன்று.

வெயிலும் பசையும்

பசைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சூடானால் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீளும். கொட்டகையின் குளிரிலிருந்து வெயிலுக்கு வந்து 30 பாகை சூடேறினால், இரண்டு மீட்டர் நீள அலுமினியத் தகடு 1.4 மில்லிமீட்டர் நீள்கிறது. அதைப் பிடித்திருக்கும் இரும்புக் குழாய் நீள்வது 0.7 மில்லிமீட்டர்தான். மீதி எங்கே போகும்? தகடு நடுவே உப்பும். அழுத்தினால் எண்ணெய் டின்னின் அடிப்பக்கம் போல ‘டொக் டொக்’ என்று உள்ளே போய் வெளியே வரும். ரப்பர் போல இளகும் பசை அந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும், ஓடும்போது தகடு அதிரும் ஓசையையும் குறைக்கும். கல்லாக இறுகும் பசையால் இது முடியாது. சிலர் தகட்டை வெயிலில் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பொருத்துகிறார்கள். ஆறும்போது அது முரசுத் தோல் போல இழுத்துக்கொள்ளும்.

பாலியுரித்தேன் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். உடனே ஒட்டிவிடாது. அது இறுகும்வரை தகட்டை அசையாமல் பிடித்திருப்பது ரிவெட்டின் வேலை. ஒட்டும் முன் இரண்டு பரப்பையும் சுரண்டி, கரைப்பானால் துடைக்காவிட்டால் பசை எண்ணெய்ப் படலத்தின்மேல் ஒட்டி, ஒரு நாள் தோல் உரிவது போல உரிந்து வரும்.

தவறு நேர்ந்தால்? ரிவெட்டின் தலையை டிரில்லால் எடுத்துவிட்டு, துளை பெரிதாகிப்போயிருந்தால் 3.2க்குப் பதில் 4 மில்லிமீட்டர் ரிவெட் போடலாம். அந்த வாய்ப்பு ஒருமுறைதான். அதற்குமேல் பசையும் இறுகிவிட்டால் தகட்டைக் கிழித்தே எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் போனட், அதற்குப் பிறகு சோதனை

போனட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வெட்டுவார்கள். பைபர் மூக்கும் ஓட்டுநருக்கு முன்னாலுள்ள மேல்தகடும் நிலையாக நின்ற பிறகே, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் உண்மையான அளவு தெரியும். இதற்கு ரிவெட்டோ கீலோ இல்லை. இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். கழற்றினால் முழுதாகக் கையோடு வந்துவிடும். விளிம்புகளுக்கு அடியில் ரப்பர் பட்டை வைக்காவிட்டால் முதல் பயணத்திலேயே பெயிண்ட் தேய்ந்துவிடும். என்ஜின் சூடு வெளியேறப் போனட்டில் சாய்வு வெட்டுகளும் இடுவார்கள். அதற்கு அச்சு இயந்திரம் வேண்டும் என்பதால் பலர் அந்த ஒரு வேலையை மட்டும் வெளியே கொடுத்துவிடுகிறார்கள்.

கட்டி முடித்த காரை நேராகச் சாலைக்குக் கொண்டுபோக முடியாது. பிரிட்டனில் இத்தகைய ஒவ்வொரு காரும் ‘ஐ.வி.ஏ.’ எனப்படும் தனிவாகனச் சோதனையில் தேற வேண்டும். 1998இல் தொடங்கிய முந்தைய சோதனைக்குப் பதிலாக 2009இல் வந்தது இது. பிரேக், விளக்கு, இருக்கை பெல்ட் ஆகியவற்றோடு தகட்டின் விளிம்புகளையும் சோதகர் பார்க்கிறார். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய வெளிப்பகுதிகளில் விளிம்பு குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருண்டிருக்க வேண்டும். பாதசாரி ஒருவர் மேல் கார் உரசினால் தகடு கத்தியாகிவிடக்கூடாது என்பதே நோக்கம். 1.2 மில்லிமீட்டர் தகட்டின் வெறும் ஓரத்தால் அந்த ஆரத்தைத் தரவே முடியாது. ஆகவே ஓரத்தை மடித்துச் சுருட்ட வேண்டும், அல்லது தடித்த ரப்பர் பட்டையைப் பொருத்த வேண்டும். இதை அட்டை வெட்டும் நாளிலேயே எண்ணிப் பார்த்தவர், மடிப்புக்கென்று கூடுதலாக ஒரு விரற்கடைத் தகட்டை விட்டுவைப்பார். மற்றவர்கள் சோதனைக்கு முதல்நாள் இரவு ரப்பர் பட்டை தேடி அலைவார்கள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. வாகனத்தின் கட்டமைப்பை மாற்ற ஜேபிஜே அனுமதி வேண்டும். பிரிட்டனைப் பார்த்து வீட்டில் கார் கட்டிவிட்டு, பிறகு எண் பட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரும் இறங்கிவிடக்கூடாது. முதலில் கேட்க வேண்டிய இடம் ஜேபிஜே அலுவலகம்தான். ஆனால் இந்த வேலை காரோடு நின்றுவிடுவதில்லை. பெட்டி லோரி, உணவு வண்டி, படகு, மோட்டார் சைக்கிளின் பின்பெட்டி என அலுமினியமும் இரும்பும் சேரும் எல்லா இடத்திலும் இதே பிசிறு, இதே பசை, இதே பகைதான்.

பழகிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு முழ நீளச் சதுர இரும்புக் குழாய், இரண்டு துண்டு அலுமினியத் தகடு, கையால் அழுத்தும் ரிவெட் கன், ஒரு குழல் பாலியுரித்தேன் பசை போதும். குழாய்க்குப் பெயிண்ட் அடித்துக் காயவிட்டு, ஒரு துண்டைப் பிசிறு எடுக்காமல், பசையில்லாமல் அடிக்க வேண்டும். மற்றொன்றைக் கழற்றித் துடைத்து, பசையிட்டு, ஒவ்வொரு ரிவெட்டையும் பசையில் தொட்டு அடிக்க வேண்டும். இரண்டையும் வெளியே வைத்து, இரண்டு மாதம் நாள்தோறும் உப்புத் தண்ணீர் தெளித்து வரலாம். பிறகு ரிவெட் தலைகளை டிரில்லால் எடுத்துவிட்டு, பசையிட்ட துண்டைப் பிரிக்கக் கத்தி தேவைப்படும் என்பதையும் நினைவில் வைத்து, இரண்டின் அடிப்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.